எதைவிடச் சின்னது?

“சின்னக் காயந்தானே, இதற்குப் போய் என்ன இவ்வளவு?”

சில ஆண்டுகளுக்கு முன், சென்னையை ஒட்டிய தொழிற்பேட்டை ஒன்றில் பவர் பிரஸ் ஓட்டிய தோழர் ஒருவரைப் பார்த்து அவருடைய ஃபோர்மேன் சொன்ன சொல் இது. இடது கையின் சுண்டு விரல், முதல் கணுவோடு போய்விட்டது. கட்டுப் போட்டார்கள். ஊசி போட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். அதில் காயத்தின் தன்மை என்ற இடத்தில் இரண்டே சொற்கள்: “சிறு காயம்.”

தோழர் கையெழுத்துப் போடவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாலையில் நாம் இருந்த சங்க அலுவலகத்துக்கு வந்தார். பணம் எவ்வளவு வரும் என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தோம். அவர் கேட்டது வேறு.

“தோழர், அவங்க சின்னதுன்னு எழுதிட்டா அது சின்னதுதானா?”

நமக்கு உடனே விடை வரவில்லை. நாளெல்லாம் வாயில் புரளும் சொல். பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது சொல்கிறோம். கடையில் பேரம் பேசும்போது சொல்கிறோம். சுவரொட்டி ஒட்டப் புறப்படும்போது ‘சின்ன வாளியை எடு’ என்கிறோம். அந்தச் சொல் எதை அளக்கிறது என்று என்றைக்காவது நின்று கேட்டோமா? கேட்கவில்லை. இப்போது கேட்டுப் பார்ப்போம்.

உடம்பிலிருந்தே தொடங்கலாம். வயிற்றுக்குள் சிறுகுடல் என்று ஒன்று, பெருங்குடல் என்று ஒன்று. பெயரை மட்டும் கேட்டவர் பெருங்குடல்தான் நீளம் என்று நினைப்பார். உள்ளபடி பார்த்தால் சிறுகுடலின் நீளம் ஏறத்தாழ 6 மீட்டர். பெருங்குடலோ ஒன்றரை மீட்டர். நாலு மடங்கு நீளம் உள்ளதற்குச் ‘சிறு’ என்று பெயர்! ஏன்? பெயர் வைத்தவர் நீளத்தைப் பார்க்கவில்லை, குழாயின் பருமனைப் பார்த்தார். உண்ட சோற்றின் சத்தைப் பெரும்பாலும் உறிஞ்சி உடம்புக்குக் கொடுப்பது அந்தச் சிறுகுடல்தான். பெருங்குடலுக்கு முதன்மையான வேலை மிச்சத்திலிருந்து நீரை இழுத்துக்கொண்டு, சக்கையை வெளியே தள்ளுவது. இந்த உவமையை நாம் மேற்கொண்டு நீட்டவில்லை. தோழர்களே நீட்டிக்கொள்வீர்கள்.

அடுக்களைக்குப் போவோம். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம் என்கிறோம். தென் மாவட்டத்துத் தோழர்களைக் கேளுங்கள். அவர்கள் பெரியதைப் ‘பல்லாரி’ என்பார்கள். பல்லாரிப் பக்கத்துச் சரக்கு என்ற பொருளில் வந்த பெயர். வெறுமனே ‘வெங்காயம்’ என்றால் அங்கே உரிக்க உரிக்கக் கண் கரிக்கும் அந்தச் சிறியதுதான். அதற்கு அடைமொழி வேண்டியிருக்கவில்லை. பெரியது பக்கத்தில் வந்து உட்கார்ந்த இடத்தில்தான் அது ‘சின்ன’ வெங்காயம் ஆயிற்று. காய் சுருங்கவில்லை, அது முன்பு இருந்த அளவில்தான் இருந்தது. பக்கத்தில் வந்தவன் பருத்தவன், அவ்வளவே. விலையிலோ, சின்னது பெரியதை விஞ்சி நிற்கிற நாட்கள்தாம் ஆண்டில் அதிகம்.

குடும்பத்துக்குள் இந்தச் சொல் குற்றமற்றது. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா. சிற்றப்பன்தான் பேச்சில் சித்தப்பா ஆனார். ஆறடி உயரமும் ஆற்காட்டு மீசையுமாக நிற்கிற சித்தப்பாக்கள் உண்டு. அண்ணன் மகனைவிட வயதில் இளைய சித்தப்பாக்களும் உண்டு. யாரும் மனம் நோவதில்லை. அங்கே அளவு என்பது யார் முன்னே பிறந்தார் என்பதுதான். அந்த அளவுகோல் எல்லாருக்கும் தெரியும். சண்டை வந்தால் பாட்டியைக் கேட்கலாம்.

இடையில் ஒன்று. ‘சின்ன’ என்ற சொல்லுக்கும், தேர்தல் வந்தால் நாம் சுவரில் வரையும் ‘சின்ன’த்துக்கும் உறவில்லை. அது வடமொழியிலிருந்து வந்த வேறு சொல். அடையாளம் என்று பொருள். படிப்பு வட்டத்தில் ஓர் இளந்தோழர் இரண்டும் ஒன்றா என்று கேட்டார், அதனால் எழுதுகிறோம்.

தமிழில் இந்தச் சொல்லுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஆங்கிலத்தில் சொல்லின் வாலை நீட்டியே ஒப்பிட்டுவிடுவார்கள். தமிழில் அந்த வால் இல்லை. ‘சின்ன’ எப்போதும் ‘சின்ன’தான். ஒப்பிட வேண்டுமானால் பக்கத்தில் இன்னொரு பொருளைக் கொண்டுவந்து நிறுத்தி, ‘விட’ என்ற சொல்லைப் போட்டாக வேண்டும். “இந்தப் பெட்டி அந்தப் பெட்டியைவிடச் சின்னது.” இரண்டு பெட்டியும் கண்ணுக்கு முன்னே இருக்கின்றன, அளந்து பார்த்துவிடலாம். நேர்மையான பேச்சு அது. ‘விட’ என்பதை விழுங்கிவிட்டு, “இது சின்னது” என்று ஒருவர் சொன்னால், இரண்டாவது பெட்டியை அவர் தம் வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார் என்று பொருள்.

இன்னொன்றும் உண்டு. ‘சின்ன’ என்பது தனியே நின்று வாக்கியத்தை முடிக்காது. சின்னது என்றோ, சின்னவன் என்றோ, சின்னவர் என்றோ முடித்தாக வேண்டும். அதாவது, அளவைச் சொல்லப் போனவர், ஆளுக்கு என்ன மரியாதை என்பதையும் அந்த வாயாலேயே சொல்லித் தீர வேண்டும். இங்கேதான் வம்பு வருகிறது.

தஞ்சைப் பண்ணைகளில் வேலை செய்த பழைய தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மிராசுதாரர் வீட்டுத் திண்ணையில் ஏழு வயதுப் பிள்ளை நின்றுகொண்டிருக்கும். மூக்கு ஒழுகும். அந்தப் பிள்ளைக்குச் ‘சின்னய்யா’ என்று பெயர். அறுபது வயதுப் பண்ணையாள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “சின்னய்யா, பெரியய்யா இருக்காங்களா?” என்று கேட்பார். பிள்ளை என்ன சொல்லும்? அந்தக் கிழவரின் பெயரைச் சொல்லி, “டேய், இருடா” என்று சொல்லும். அறுபது வயது ‘டேய்’! ஏழு வயது ‘ஐயா’! இந்த இடத்தில் ‘சின்ன’ என்ற சொல் எதை அளந்தது? உயரத்தையா? வயதையா? சொத்து யார் கைக்கு எப்போது வந்து சேரும் என்ற வரிசையை அளந்தது. சின்னய்யா என்றால் நாளைய பெரியய்யா. கிழவருடைய பேரனுக்கோ அந்த வரிசையில் இடமே இல்லை. அவன் வளர்ந்தாலும் ‘பயல்’, நரைத்தாலும் ‘பயல்’.

1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளுக்கு இவ்வளவு கூலி என்று அதில் எழுதினார்கள். கூப்பிடும் முறையை எழுதவில்லை. எந்தச் சட்டத்திலும் அதை எழுத முடியாதுதான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்தவர்கள் தங்கள் காலால் எழுதினார்கள்.

கூலி என்றதும் படி நினைவுக்கு வருகிறது. அந்தப் பக்கத்தில் சின்னப்படி என்று ஒன்று, பெரிய படி என்று ஒன்று, இரண்டும் புழங்கின. ‘ஒரு படி நெல்’ என்றால் எந்தப் படி என்று கேட்டாக வேண்டும். கேட்டாலும் முடியவில்லை: தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா? படி பித்தளையோ மரமோ, அது பேசாது. அளக்கிற கை பேசும். களத்தில் அளக்கிற கை யாருடைய கை? 1956-இல் எடை, அளவுச் சட்டம் வந்து, லிட்டரும் கிலோவும் படிப்படியாக நாடு முழுவதும் ஒன்றாக ஆனபோது, படித்தவர்கள் பலர் பழைய தமிழ் அளவைகள் போகின்றனவே என்று வருந்தினார்கள். நமக்கும் மரக்கால், குறுணி என்ற சொற்களிடத்தில் அன்பு உண்டு. ஆனால் கூலி வாங்கிய பெண்கள் வருந்தியதாக நாம் கேள்விப்படவில்லை.

சின்னது என்றால் இவ்வளவு என்று எழுதிவைத்துவிட்டால், அந்தச் சொல்லின் பல் விழுந்துவிடுகிறது. எழுதாமல் விட்டால் கடிக்கிறது. பெரியது என்ற சொல்லும் அப்படித்தான்; அதன் கடி இன்னும் ஆழம்.

‘பெரிய மனிதர்’ என்கிறோம். பெரிய இடம், பெரிய கை, பெரிய புள்ளி என்கிறோம். ஒருவரைப் பெரிய மனிதர் என்று சொன்னால், அவருடைய வேட்டியின் நீளத்தைச் சொல்லவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். குணத்தைச் சொல்கிறோமா? சில நேரம். பணத்தைச் சொல்கிறோமா? பல நேரம். ஒரே சொல் இரண்டுக்கும் இருப்பதால், பணம் உள்ளவருக்குக் குணமும் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. உழைத்த கூலியைக் கேட்கப் போகிறவர்கூட, “ஐயா பெரிய மனசு பண்ணணும்” என்றுதான் தொடங்குகிறார். அவர் கேட்பது தம்முடைய பணம். அதைக் கொடுப்பதற்கு மனசு எதற்கு? சாவி போதுமே! ஆனால் அந்த ஒரு சொல்லால், கடன்பட்டவர் வள்ளல் ஆகிவிடுகிறார்; கடன் கொடுத்தவர் இரவலர் ஆகிவிடுகிறார்.

இது வெறும் பேச்சு வழக்கு, இதில் என்ன இருக்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்குக் கீழவெண்மணியை நினைவூட்டுகிறோம்.

1968 டிசம்பர் 25 இரவு. அன்றைய கீழத்தஞ்சையில், ஒரு குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், தீயில் மாண்டார்கள். அனைவரும் தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பத்தவர். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்தார்கள். அந்தப் பகுதியில் இன்றும் அரைப்படி என்றுதான் சொல்வார்கள். எவ்வளவு சின்ன அளவு! கேட்டவர் பக்கத்திலிருந்து பார்த்தால் பிள்ளைக்கு ஒரு வேளைக் கஞ்சி. கொடுக்க மறுத்தவர் பக்கத்திலிருந்து பார்த்தால், நெல்லின் அளவு அங்கே கணக்கே இல்லை. கேட்டதுதான் கணக்கு.

வழக்கு நடந்தது. கீழ்க் கோர்ட்டில் சிலருக்குத் தண்டனை கிடைத்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று இன்றுவரை பேசப்படுகிறது: குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிறைய நிலமுள்ள வசதியான மிராசுதாரர்கள், அவர்களில் ஒருவரிடம் காரும் இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களைக்கூட அனுப்பாமல், தாங்களே நடந்து போய் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்பக் கடினமாக இருக்கிறது என்பது அதன் கருத்து.

தோழர்களே, இதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். ‘பெரிய மனிதர்’ என்ற திண்ணைப் பேச்சு, அங்கே ஏறக்குறைய சாட்சியாகவே கூண்டில் ஏறி நின்றது. நில அளவு குண அளவாயிற்று. கார் நற்சான்றாயிற்று. மாண்ட 44 பேருக்கு அப்படிச் சான்று சொல்ல என்ன இருந்தது? ஒரு குடிசை இருந்தது. அதுவும் எரிந்துபோயிற்று.

நம் முன்னோர் இந்தச் சொல்லைப் பற்றி யோசிக்காமல் இல்லை. கணியன் பூங்குன்றனாருடைய புறநானூற்றுப் பாட்டின் முதல் அடியை மேடைதோறும் முழங்குகிறோம், வளைவுகளில் எழுதுகிறோம். அந்தப் பாட்டு முடிகிற இடம் பெரியவரையும் சிறியவரையும் பற்றியது என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? பெரியவரைக் கண்டு வாய் பிளப்பதும் தகாது, சிறியவரை இகழ்வது அதைவிடத் தகாது என்ற கருத்தில் போய் முடிகிறது அது. முதல் அடி எளிது. உலகத்துக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கடைசி அடிதான் வீட்டுக்குள்ளும் பண்ணைக்குள்ளும் வந்து நிற்கிறது. அதனால்தான் வளைவில் ஏறவில்லை போலும்!

‘பெரியார்’ என்ற சொல்லும் ஒரு காலத்தில் பொதுப்பெயர். திருக்குறளில் 45-ஆம் அதிகாரத்துக்கே அந்தச் சொல்லில்தான் தலைப்பு. அறிவாலும் ஒழுக்கத்தாலும் உயர்ந்தவர் எவரும் அங்கே பெரியார். அடுத்த அதிகாரம் சிற்றினம் சேராமை. அங்கே ‘இனம்’ என்றால் கூட்டு, சேர்க்கை. பிறப்பு என்று யாராவது பொருள் சொல்ல வந்தால் நம்பாதீர்கள். 1938 நவம்பரில் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு ஈ.வெ.ரா.வைப் பெரியார் என்று அழைக்க வேண்டும் என முடிவு செய்தது. பொதுப்பெயர் ஒருவர் பெயராக நிலைத்தது. நிலம் பார்த்தோ கார் பார்த்தோ கொடுத்த பெயர் அன்று. கொடுத்தவர்கள் பெண்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெண்கள் என்றதும் இன்னும் இரண்டு வழக்குகளைச் சொல்லியே ஆக வேண்டும். ‘சின்ன வீடு’ என்பார்கள். வீடு கட்டியவர் ஓர் ஆண்; சாவி அவர் இடுப்பில்; ஊரில் அவர் பெரிய மனிதர். ‘சின்ன’ என்ற இழிவு மட்டும் உள்ளே இருக்கிற பெண்மேல் போய் விழுகிறது. இன்னொன்று, ‘பெரியவளாகிவிட்டாள்’ என்பது. நேற்றுவரை தெருவெல்லாம் ஓடி விளையாடிய பெண்ணை இன்று பெரியவள் என்கிறார்கள். பந்தல் போட்டு, விருந்து வைத்து, ஒலிபெருக்கி கட்டி ஊருக்கே சொல்கிறார்கள். சொன்ன அன்றிலிருந்து அவளுடைய தெரு சுருங்குகிறது, பேச்சு சுருங்குகிறது, பல வீடுகளில் படிப்பும் சுருங்கியது. பெரியவள் ஆனவளுக்கு ஏனய்யா எல்லாம் சிறியதாக வேண்டும்?

இனி அரசாங்கத்தின் அளவுகோலைப் பார்ப்போம். அளவு எழுதிவைத்தால் பல் விழுந்துவிடும் என்று மேலே சொன்னோம். எழுதியதில் எவ்வளவு எழுதினார்கள் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

விவசாயத்தில், ஒரு எக்டேருக்கு உட்பட்ட நிலம் வைத்திருப்பவர் குறு விவசாயி. ஒன்றிலிருந்து இரண்டு எக்டேர் வரை சிறு விவசாயி. இரண்டு எக்டேர் என்பது ஏறத்தாழ 5 ஏக்கர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டில் உள்ள நிலவுடைமைகளில் நூற்றுக்கு 86 இந்த இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த 86 பங்குக்காரர்கள் கையில் இருந்த நிலமோ மொத்தத்தில் பாதிக்கும் குறைவு. தமிழ்நாட்டில் ஒரு நிலவுடைமையின் சராசரி 0.75 எக்டேர், இரண்டு ஏக்கர்கூட இல்லை. அதாவது, தமிழ்நாட்டுச் சராசரி உழவரே ‘குறு’. ‘சிறு’ என்ற பட்டம் பெறுவதற்கே சராசரியைத் தாண்டி நிலம் இருக்க வேண்டும்!

தொழிலில் என்ன? 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வரையறையின்படி, இயந்திரத்திலும் கருவியிலும் 25 கோடி ரூபாய் வரை முதல் போட்டு, ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள நிறுவனம் ‘சிறு’ தொழில். அதற்கும் கீழே குறு தொழில். அதற்கே இரண்டரைக் கோடி முதல், 10 கோடி விற்றுமுதல் வரை இடம் உண்டு.

5 ஏக்கரும் சிறு, 25 கோடியும் சிறு! சொல் ஒன்று, எழுத்து ஒன்று. ஒருவர் மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒருவர் வங்கி மேலாளரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பட்டறை வைத்துப் பாடுபடும் சிறு முதலாளிகளை நாம் பழிக்கவில்லை. நான்கு லேத் வைத்துக்கொண்டு, தாமும் எண்ணெய்க் கையோடு நிற்பவர்களை நமக்குத் தெரியும். சரக்கை வாங்கிய பெரிய கம்பெனி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு படியேறி இறங்குகிறவர்கள் அவர்கள். கேட்டால், “உங்களுடையது சின்ன பில்தானே, அடுத்த மாதம் பார்க்கலாம்” என்பார்களாம். பாருங்கள், அங்கேயும் அதே சொல். ‘சிறு தொழிலுக்குச் சலுகை’ என்று அறிவிப்பு வரும்போது, அது இந்த நான்கு லேத்துக்கா, 100 கோடிக்கா என்று கேட்காமல் கை தட்டாதீர்கள் என்பதுதான் நாம் சொல்வது.

ஊரைச் சொன்னோம், உயர்நீதிமன்றத்தைச் சொன்னோம், அரசாங்கத்தைச் சொன்னோம். நம்மைச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது.

நம் கூட்டங்களுக்குச் சுவரொட்டி அடிக்கிறோம். அதில் யாருடைய பெயர் எந்த எழுத்தளவில் வர வேண்டும் என்று அச்சகத்தில் நடக்கும் சச்சரவு உங்களுக்குத் தெரியாததா? எழுத்து அரை அங்குலம் குறைந்ததற்காகக் கூட்டத்துக்கே வராமல் நின்றவர்களை நாம் அறிவோம். பசை காய்ச்சியவர், வாளி தூக்கியவர், இரவு மூன்று மணிக்கு நாய்க்கடிக்குத் தப்பி ஒட்டியவர், இவர்கள் பெயர் எந்த அளவிலும் வருவதில்லை. அவர்கள் கேட்பதும் இல்லை. மேடையில் ஒருவர் எழுந்து, “இங்கே பெரிய தலைவர்கள் எல்லாம் இருக்கிறார்கள், நான் சின்னவன்” என்று அடக்கமாகத் தொடங்குகிறார். முக்கால் மணி நேரம் பேசுகிறார். உண்மையாகவே அடக்கமான தோழர், கொடி கட்டிய களைப்பில் பந்தலுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

கோரிக்கை மனு எழுதும்போதும் நாமே நம்மைக் குறைத்துக்கொள்கிறோம். ‘எங்கள் சிறு விண்ணப்பம்’, ‘ஒரு சின்ன வேண்டுகோள்’ என்று தொடங்குகிறோம். பணிவு நல்லதுதான். ஆனால் கழிவறை வேண்டும், குடிநீர் வேண்டும், இயந்திரத்துக்குக் காப்பு வேண்டும் என்பவை எதைவிடச் சின்னவை? நாமே சின்னது என்று எழுதிக் கொடுத்ததை, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பெரியதாக எடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்கலாமா?

இப்போது அந்த விரலுக்கு வருவோம்.

அன்று மாலை சங்கத்தில் இருந்த பழைய தோழர் ஒருவர் அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்தார். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இந்தச் சட்டத்தையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. நாம் சொல்வது அதற்கு முந்திய கதை. அந்தப் பழைய சட்டத்தின் முதல் அட்டவணையில் மனித உடம்பு வரி வரியாகக் கிடந்தது. கட்டை விரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு 30 இழப்பு. ஆள்காட்டி விரல் போனால் 14. நடுவிரல் போனால் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ போனால் 7. அதிலும் இரண்டு கணு போனால் 6, ஒரு கணு போனால் 5, எலும்பு போகாமல் நுனி மட்டும் துண்டானால் 2.

படிக்கும்போது மனம் கசந்தது. விரலுக்கு விலைப்பட்டியலா என்று இளந்தோழர் ஒருவர் சீறினார். சீறியது நியாயம். ஆனால் பழைய தோழர் பொறுமையாகச் சொன்னார்: “தம்பி, இந்தப் பட்டியலில் ‘சின்ன’ என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா, தேடிப் பார்.” தேடினோம். எந்த விரல், எத்தனை கணு, எலும்பு போயிற்றா இல்லையா என்பவைதாம் இருந்தன. எழுதியவர்களுக்கு இரக்கம் இருந்ததோ இல்லையோ, அளவு இருந்தது.

இன்னொன்றையும் அவர் எடுத்துக் காட்டினார். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில், ஒரு விபத்தால் தொழிலாளி 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால், நிர்வாகம் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்று விதி. இப்போது அந்த ‘இரண்டு நாள் கழித்து வா’ என்பதை நினைத்துப் பாருங்கள். கட்டுப் போட்ட கையோடு ஆளைக் கூப்பிட்டு, கேட் பக்கம் ஓர் ஸ்டூலில் உட்காரவைத்து, வருகையைப் போட்டுவிட்டால்? 48 மணி நேரம் நிறையவில்லை. அறிவிக்க வேண்டியதும் இல்லை. காயம் சின்னதாகிவிட்டது! தோழர் சொன்னார், அவருக்கும் அப்படித்தான் ஸ்டூல் போட்டார்களாம். டீ வாங்கிக் கொடுத்ததன் காரணம் அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

அவருடைய தாளை மேசையில் விரித்து வைத்தோம். ‘சிறு காயம்’ என்ற இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு வேறு எழுதித் தந்தால்தான் கையெழுத்து என்று சொல்லும்படி கூறினோம். என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். பழைய தோழர் சொல்லச் சொல்ல, ஒரு துண்டுச் சீட்டில் வலது கையாலேயே அவர் எழுதிக்கொண்டார்: இடது கை, சுண்டு விரல், முதல் கணு, எலும்புடன் துண்டிப்பு, இயந்திரத்தில் காப்பு இல்லை, நாள், நேரம், ஷிஃப்ட், பக்கத்தில் நின்ற இரண்டு பேர்.

சீட்டை மடிக்கும்போது மட்டும் ஒருமுறை நிறுத்தி, “ஃபோர்மேன் மறுபடியும் சின்னதுன்னு சொன்னா?” என்று கேட்டார்.

எதைவிட என்று கேளுங்கள் என்றோம். சிரித்தார். மறுநாள் முதல் ஷிஃப்டுக்கு, சங்கத்துத் தோழர்கள் இரண்டு பேரோடு போனார்.